எட்டா ஒம்பதா? ஒரு கிராமத்து சர்ச் ஜியோகேஷ் சொதப்பின கதை, முழு ஆய்வு

லெஸ்டர்ஷயர்ல ஒரு சின்ன கிராமம், அங்க இருக்குற பழைய சர்ச்சை ஒட்டி நான் வச்ச ஜியோகேஷ் (ஜிபிஎஸ் வச்சு மத்தவங்க தேட ஒளிச்சு வைக்கிற டப்பா) 2021 செப்டம்பர்ல வெளிய வந்துச்சு, 2022 மார்ச் கடைசியில நானே ராத்திரியோட ராத்திரியா அத மூட வேண்டியதாப் போச்சு. பாக்ஸ் தொலையல, யாரும் தூக்கிட்டுப் போகல, உள்ள தண்ணி கூட எறங்கல. ஆனா ஒரு பொண்ணு அவங்கம்மா சமாதிக்கு பூ வைக்க வந்த நேரத்துல, ரெண்டு பேர் அந்த கல்லுக்குப் பின்னாடி மண்டி போட்டு பூந்தொட்டிய நகத்திட்டு இருந்தாங்க, அவங்கள அங்க அனுப்பி வச்சது நான். ஊர் பேரு, சர்ச் பேரு எதுவும் சொல்லப் போறதில்ல, அந்த குடும்பத்துக்கு இன்னொரு தடவ தொந்தரவு வேணாம். மத்தபடி நடந்தத அப்படியே எழுதுறேன்.

இந்த வெளாட்டு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 2000 மே மாச ஆரம்பத்துல அமெரிக்க அரசாங்கம், பொதுஜனங்களுக்கான ஜிபிஎஸ்ல வேணும்னே கலந்து வச்சிருந்த பிழைய நிறுத்துச்சு. மே 3ம் தேதியே ஓரிகன் மாநிலத்துல பீவர்க்ரீக் பக்கத்துல ஒருத்தர் ஒரு வாளிய ஒளிச்சு வச்சு அதோட கோஆர்டினேட்ஸ (எடத்த காட்டுற அட்சரேகை, தீர்க்கரேகை நம்பர்) நெட்ல போட்டுட்டார். உள்ள ஒரு நோட்டு, ஒரு பென்சில், கொஞ்சம் சாமான், கூடவே ஒரு பீன்ஸ் டின். (இப்ப தின்ற சாமான் எதுவும் உள்ள வைக்கக் கூடாது, எலி வாசனை பிடிச்சு வந்து டப்பாவையே கொதறிடும்.) அந்த வாளி தான் இன்னிக்கு உலகம் பூரா லட்சக்கணக்குல டப்பாவா பெருகிக் கெடக்கு. தேடிக் கண்டுபிடிச்சா உள்ள இருக்குற லாக்புக்ல பேரும் தேதியும் எழுதிட்டு, இருந்த எடத்துலயே வச்சுட்டு வரணும், அவ்ளோ தான்.

இங்கிலாந்துல இந்த வெளாட்டுக்கு சர்ச்சும் கிராமமும் ரொம்ப பிடிச்ச எடம். சர்ச் மைக்ரோன்னு ஒரு வரிசையே இருக்கு, ஆயிரக்கணக்குல போயிட்டு இருக்கு, பழைய ஃபிலிம் ரோல் டப்பா சைஸ்ல ஒவ்வொரு கிராமத்து சர்ச் பக்கத்துலயும் ஒண்ணு. காரணம் யோசிச்சா சிம்பிள். சர்ச் இல்லாத கிராமம் அபூர்வம், பக்கத்துல பொதுவழி நடைபாதை ஒண்ணு ஓடும், எல்லாத்துக்கும் மேல அங்க எங்க திரும்பினாலும் நம்பர் இருக்கு. சமாதிக் கல்லுல வருஷம், போர் நினைவுத் தூண்ல வருஷம், கடியாரத்துல வருஷம். அந்த நம்பரையெல்லாம் எடுத்து கோஆர்டினேட்ஸ்ல பொருத்தினா கடைசி எடம் கெடைக்கிற மாதிரி செய்யலாம், அதுக்கு மல்டி கேஷ்னு பேரு. நான் வச்சதும் அது தான்.

லெஸ்டர்ஷயர்ல இதுக்கு இன்னொரு சவுகரியமும் உண்டு. மத்த ஊர்ல 300 வருஷத்துக்கு முந்தின மணற்கல், சுண்ணாம்புக்கல் எல்லாம் உரிஞ்சு பொரிஞ்சு எழுத்தே தெரியாது. இங்க ஸ்வித்லண்ட் ஸ்லேட்னு ஒரு கருஞ்சாம்பல் கல் வெட்டி எடுத்தாங்க, அதுல 1700கள்ல செதுக்குன எழுத்து இன்னிக்கு காலைல செதுக்குன மாதிரி இருக்கும், கொக்கி வளைவு பூ இலை எல்லாம் உட்பட. பின்பக்கம் மட்டும் சீர் பண்ணாம கரடுமுரடா விட்டிருப்பாங்க. முதல் தடவ அந்த வரிசைய பாத்தப்ப நான் அரை மணி நேரம் கேஷயே மறந்துட்டேன்.

அந்த வரிசைல ஒரு பொண்ணோட கல். பிப்ரவரி மாசம் இறந்திருக்காங்க. வருஷத்த எப்படி வெட்டியிருக்காங்கன்னா, 172ன்னு போட்டு, அதுக்கப்புறம் மேல சின்னதா 8, நடுவுல ஒரு கோடு, கீழ சின்னதா 9. நாம பள்ளிக்கூடத்துல பின்னம் எழுதுவோமே அப்படி. நான் என்ன நெனச்சேன் தெரியுமா, கல்தச்சன் 8ன்னு வெட்டிட்டு அப்புறம் தப்புன்னு தெரிஞ்சு கீழ 9ன்னு திருத்திருக்கான்னு. அதையே ஒரு சுவாரசியமான விஷயமா நெனச்சு, 'இறந்த வருஷத்தோட கடைசி இலக்கம் தான் பி'ன்னு கேள்வி எழுதி, மனசுக்குள்ள 9ன்னு முடிவு பண்ணிட்டேன். திருத்தினது தானே சரியா இருக்கும்?

இந்த பி வந்து உக்காந்தது அட்சரேகையில கடைசிக்கு முந்தின இலக்கத்துல. இது எவ்வளவு முக்கியம்னு சொல்லிடுறேன். நாங்க கோஆர்டினேட்ஸ டிகிரி, நிமிஷம், நிமிஷத்துல மூணு தசம ஸ்தானம்னு எழுதுவோம். வடக்கு தெக்குல கடைசி இலக்கம் ஒண்ணு மாறினா 1.85 மீட்டர், கைக்கெட்டுற தூரம், ஜிபிஎஸ்ஸே அதவிட அதிகமா ஆடும். கடைசிக்கு முந்தினது ஒண்ணு மாறினா 18.5 மீட்டர். கிழக்கு மேக்குல இந்த ஊர் இருக்குற அட்சரேகைக்கு அதுவே 11 மீட்டர் சொச்சம் தான். ஆக 9க்கு பதிலா 8 போட்டவங்க சரியான எடத்துலேருந்து நேர் தெக்க 18.5 மீட்டர் தள்ளி நிப்பாங்க. வேற ஊரையே காட்டியிருந்தா ஏதோ தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும், இந்த தூரம் சந்தேகமே வராத தூரம், அங்க தான் வெனை.

பாக்ஸ் இருந்தது சர்ச் காம்பவுண்டுக்கு வெளிய, வடக்கு மதில்ல நடைபாதைக்காக வச்சிருக்குற கல் படிக்கு அடியில. ஏறித் தாண்டுற அந்த படிய இங்க ஸ்டைல்னு சொல்வாங்க. குறிப்பு ஒண்ணு குடுக்கணுமே, 'கல்லுக்குப் பின்னாடி, தரையோட'ன்னு எழுதினேன். இப்ப படிக்கும்போது எனக்கே கை நடுங்குது. சமாதிக் கல் நெறஞ்ச எடத்துல கல்லுக்குப் பின்னாடி பாருன்னு எழுதியிருக்கேன்.

போடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணாம இல்ல, பண்ணேன். நண்பன் ஒருத்தன கூட்டிட்டுப் போனேன், அவனும் ரொம்ப நாளா வெளாடுறவன். கல்ல பாத்து அவன் 'மச்சி இது எட்டா ஒம்பதா'ன்னு கேட்டான், நான் 'ஒம்பதுடா'ன்னேன், அவனும் ஒம்பதுன்னு போட்டு நடந்து போய் பாக்ஸ எடுத்துட்டான், டெஸ்ட் பாஸ். அவன் கேட்ட அந்த கேள்வி தான் டெஸ்ட்டோட ரிசல்ட்டே, அது எனக்கு அன்னிக்கு ஒறைக்கல.

அனுமதியும் வாங்கியிருந்தேன். இங்க சர்ச் நெலத்துல பாக்ஸ் வைக்க அனுமதி இல்லாம வாலண்டியர் ரிவ்யூவர்ங்க வெளியிட மாட்டாங்க, மதிலும் சர்ச்சுக்கு சொந்தம்ங்கறதால விகாருக்கு, அதாவது சர்ச் பாதிரியாருக்கு, ஈமெயில் போட்டேன், மூணு நாள்ல சரின்னு பதில் வந்துச்சு. ஆனா இன்னிக்கு இங்கிலாந்து கிராமங்கள்ல ஒரு விகார் நாலஞ்சு சர்ச்ச சேத்து பாத்துக்குறது சகஜம். அந்த பதில் எழுதினவர் மாசத்துல ஒண்ணு ரெண்டு ஞாயித்துக்கிழம தான் அந்த ஊர் பக்கமே வருவார். புல் வெட்டுறது, பூட்டுறது தொறக்குறது, யார் சமாதிக்கு யார் எப்ப வருவாங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்குறது எல்லாம் சர்ச்வார்டன். அவங்கள நான் கேக்கவும் இல்ல, விகாரும் அவங்ககிட்ட சொல்ல மறந்துட்டார்.

முதல் மணி அடிச்சது வெளிவந்த அன்னிக்கு ராத்திரியே. முதல் ஆளா கண்டுபிடிக்கிறதுக்குன்னே சில பேர் இருக்காங்க, நோட்டிபிகேஷன் வந்த உடனே கார எடுத்துட்டு கெளம்பிடுவாங்க. ஒருத்தர் பத்து மணிக்கு மேல நெத்தியில டார்ச் கட்டிட்டு மதில் ஓரமா குனிஞ்சு குனிஞ்சு தேட, எதுத்த வீட்டுக்காரர் போலீசுக்கு போன் போட்டுட்டார். அவர தப்பு சொல்ல முடியாது. சர்ச் கூரைல இருக்குற ஈயத் தகட்ட உரிச்சு பழைய இரும்புக் கடைக்கு விக்கிற கூட்டம் இங்க வருஷக்கணக்கா பெரிய தலவலி, இந்த மாதிரி உலோகத் திருட்ட தடுக்கத்தான் 2013ல பழைய உலோக வியாபாரத்துக்கு புது சட்டம் போட்டாங்க. ராத்திரி சர்ச் பக்கம் லைட் தெரிஞ்சா கிராமத்துக்காரங்களுக்கு மொதல்ல நெனப்பு வர்றது அது தான். போலீஸ் வந்து, லாக்புக்க பாத்து சிரிச்சுட்டு போயிட்டாங்களாம். நான் கேஷோட வெப் பக்கத்துல 'பகல் வெளிச்சத்துல மட்டும் தேடவும்'னு ஒரு வரி சேத்துட்டு, வேலை முடிஞ்சதுன்னு இருந்துட்டேன்.

இந்த மாதிரி விஷயத்துல ஜியோகேஷ்காரங்க எல்லாருக்கும் ஞாபகம் வர்றது வெதர்பி. 2011ல யார்க்‌ஷயர்ல அந்த ஊர்ல ஒரு கபேக்கு வெளிய ஒருத்தர் டப்பாவ மறைக்கிறத பாத்து யாரோ பயந்து போய் போலீசுக்கு சொல்ல, ராணுவத்து வெடிகுண்டு ஆளுங்க வந்து அத வெடிக்க வச்சாங்க. அதுலேருந்து டப்பா மேல இது என்னன்னு பெருசா எழுதணும், அனுமதி ஒழுங்கா வாங்கணும்னு இங்க ரொம்ப கறாரா இருக்காங்க. நானும் அதெல்லாம் பக்காவா செஞ்சேன். பாக்ஸப் பத்தி இருக்குற பயத்துக்கெல்லாம் விதி இருக்கு, பாக்ஸ் இல்லாத எடத்துல ஜனங்க தேடுறதப் பத்தி ஒரு விதியும் இல்ல.

அடுத்த அஞ்சு மாசம் என்ன நடந்துச்சுன்னு, தேடினவங்க நெட்ல எழுதுற லாக்ஸ்ல அப்படியே இருக்கு. பாதிப் பேர் வந்து சுலபமா எடுத்துட்டு நன்றின்னு எழுதிட்டு போயிட்டாங்க. மீதிப் பேர் டிஎன்எஃப், அதாவது தேடினேன் கெடைக்கல. ஒருத்தர் முக்கால் மணி நேரம்னு எழுதியிருந்தார். நான் ஜனவரில ஒரு சனிக்கெழம போய் பாத்தேன், பாக்ஸ் ஸ்டைலுக்கு அடியில காஞ்சு போய் ஜம்முனு உக்காந்திருக்கு. உடனே மொபைல்லயே எழுதினேன்: 'பாக்ஸ் வச்ச எடத்துல பத்திரமா இருக்கு, குறிப்ப நம்புங்க, நல்லா தேடுங்க.'

குறிப்ப நம்புங்க. நல்லா தேடுங்க. இந்த ரெண்டு வாக்கியம் தான் தொட்டிய நகத்த வச்சது.

2022 மார்ச் 27, மதரிங் சண்டே. இங்க அது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலத்துல நாலாவது ஞாயிறு, அம்மாவுக்கு பூ குடுக்குற நாள், அம்மா இல்லாதவங்க சமாதிக்கு கொண்டு போவாங்க. ஒரு கணவன் மனைவி, போன தடவ கெடைக்காம திரும்பினவங்க, என் லாக்க பாத்துட்டு மறுபடி வந்திருக்காங்க. 18.5 மீட்டர் தெக்க இருந்த ஒரு கல்லுக்குப் பின்னாடி டாஃபடில் தொட்டிய நகத்திட்டு கைய விட்டு தடவிட்டு இருக்கும்போது தான் அந்த பொண்ணு வந்திருக்காங்க. அவங்க கத்தல. 'என்ன தொலைச்சீங்க, நானும் தேடட்டுமா'ன்னு கேட்டிருக்காங்க. இவங்க வெளாட்டுன்னு சொல்லியிருக்காங்க. அந்த பொண்ணு பூவ வச்சுட்டு நேரா சர்ச்வார்டன் வீட்டுக்கு போயிட்டாங்க.

சாயங்காலம் விகார்கிட்டேருந்து மெயில் வந்துச்சு, நாலே வரி, கோவமே இல்லாத நாலு வரி. அன்னிக்கு ராத்திரியே கேஷ நிறுத்தினேன். அந்த கணவன் மனைவிக்கும் எழுதினேன், அவங்க என்னவிட அதிகமா ஒடஞ்சு போயிருந்தாங்க, உங்க குறிப்புல கல்லுன்னு தானேங்க இருந்துச்சுன்னு மட்டும் கேட்டாங்க.

அப்புறம் தான் நண்பனும் நானும் எல்லா டிஎன்எஃப் லாக்கையும் வரிசையா போட்டு பாத்தோம். நாலு பேர் போட்டோ போட்டிருந்தாங்க, எல்லாத்துலயும் பின்னாடி அதே யூ மரம், அதே மண் நடை. நண்பன் போன்ல சொன்னான், 'மச்சி, இவங்க எல்லாரும் ஒரே எடத்துல நிக்கிறாங்கடா. தேடத் தெரியாதவங்க ஆளுக்கொரு எடத்துலல்ல நிப்பாங்க?' அது வரைக்கும் நான் அத ஆறேழு தனித்தனி தோல்வியா தான் பாத்துட்டு இருந்தேன்.

மேப்ல புள்ளி வச்சு அளந்தா 18, 19 மீட்டர், நேர் தெக்க. இலக்கம் பி. ஆனா ஏன் இத்தன பேர் 8ன்னு படிச்சாங்க, அது தப்பு திருத்தம் தானேன்னு அப்பவும் நான் பிடிவாதமா இருந்தேன். மன்னிப்பு கேக்கப் போனப்ப சர்ச்வார்டன் தான் அத ஒடச்சாங்க. எழுபது வயசு தாண்டினவங்க, கையில தோட்டத்து கிளவுஸ். என்னை அந்த கல்லுகிட்ட கூட்டிட்டுப் போய், 'இவங்க எந்த மாசம் இறந்தாங்கன்னு படிங்க'ன்னாங்க.

'பிப்ரவரிங்க.'

'அப்ப ரெண்டு வருஷமும் சரி தான்.'

இங்கிலாந்துல 1751 வரைக்கும் சட்டப்படி வருஷம் மாறினது ஜனவரி 1ல இல்ல, மார்ச் 25ல. பக்கத்துல இருக்குற ஸ்காட்லாந்து 1600லயே ஜனவரி 1க்கு போயிடுச்சு, இங்கிலாந்து மட்டும் 1752ல தான் மாறுச்சு, அதே வருஷம் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள செப்டம்பர் 14ன்னு வச்சு 11 நாளையும் முழுங்கிட்டாங்க. அதனால அதுக்கு முந்தி ஜனவரி 1லேருந்து மார்ச் 24 வரைக்கும் வர்ற தேதிக்கு, கவனமா எழுதுறவங்க ரெண்டு வருஷத்தையும் சேத்து எழுதுவாங்க. பழைய கணக்குல அந்த பிப்ரவரி இன்னும் 1728, புது கணக்குல 1729. ஜார்ஜ் வாஷிங்டன் பொறந்தத கூட அப்படித்தான் பிப்ரவரி 11, 1731/2ன்னு குறிப்பாங்க. நமக்கு இது புரியறதுக்கு அவ்வளவு கஷ்டம் இல்ல பாருங்க, ஜனவரில காலண்டர் மாத்தினாலும் தமிழ் வருஷம் சித்திரை வரைக்கும் பழசு தானே, மாசி மாசத்துல இறந்தவங்களுக்கு அந்த பழைய வருஷத்து பேர தான் சொல்லுவோம். இத வச்சு வளந்தவனுக்கு கல்லப் பாத்த உடனே பொறி தட்டியிருக்கணும். தட்டல. இங்க வருமான வரி வருஷம் ஏப்ரல் 6ல தொடங்குறதும் அந்த மார்ச் 25ஓட வால் தான், பன்னெண்டு வருஷமா அந்த வரிய கட்டிட்டு இருக்கேன்.

ஆக கல்தச்சன் ஒரு தப்பும் பண்ணல. என்னவிட சரியா எழுதியிருக்கான்.

இன்னொன்னையும் அவங்க தான் காட்டினாங்க. அந்த 18.5 மீட்டர்ல ஏன் புது சமாதிங்க இருந்துச்சு? பழைய காலத்துல சர்ச்சுக்கு வடக்க, அதாவது நெழல் விழுற பக்கம், யாரும் புதைக்க விரும்ப மாட்டாங்க, அது சாத்தான் பக்கம்னு ஒரு நம்பிக்கை. தெக்குப் பக்கம் வெயில் பக்கம், எல்லாரும் அங்க தான். தெக்க எடம் நெறஞ்சு போன பிறகு தான் வடக்க வர ஆரம்பிச்சாங்க. அதனால என் ஸ்லேட் கல் எல்லாம் தெக்க, அழுகை காயாத சமாதிங்க எல்லாம் வடக்க, என் பாக்ஸும் வடக்க. நான் வடக்கு மதில தேர்ந்தெடுத்ததே அங்க பழைய கல் எதுவும் இல்ல, யாருக்கும் தொந்தரவு இருக்காதுன்னு தான். 300 வருஷத்து கல்ல தொடாம இருக்கணும்னு பாத்து பாத்து, மூணு வருஷத்து கல்லுகிட்ட ஆள அனுப்பியிருக்கேன்.

காரணத்த யாராவது கேட்டா நான் காலண்டர்னு சொல்ல மாட்டேன். எட்டு ஒம்பது குழப்பம் மட்டும் இருந்திருந்தா ஆறு பேர் திரும்பிப் போயிருப்பாங்க, அவ்ளோ தான். அதுக்கு மேல அந்த குறிப்பு, அதுக்கும் மேல நல்லா தேடுங்கன்னு நான் போட்ட லாக். பாக்ஸ் இருக்கான்னு போய் பாத்தேன், கல்லுல தொடங்கி நடந்து பாக்கல. ஒரு செக்கர் லிங்க் போட்டிருந்தா, விடைய டைப் பண்ண உடனே தப்புன்னு செவப்பு காட்டியிருக்கும், அஞ்சு நிமிஷ வேலை. இலக்கங்களோட கூட்டுத்தொகை இவ்வளவுன்னு ஒரு வரி எழுதியிருந்தா கூட போதும்.

இதோட விட்டுடலாம்னு தான் நெனச்சேன். சர்ச்வார்டன் தான் அடுத்த வருஷ ஆரம்பத்துல, 'ஜனங்க கல்ல படிக்கிறது எனக்கு பிடிச்சிருந்துச்சு, வேற மாதிரி வைக்க முடியுமா'ன்னு கேட்டாங்க. நிபந்தனை: யாரும் நடைய விட்டு புல்லுல கால் வைக்கக் கூடாது, ஞாயித்துக்கிழம காலைல கூடவே கூடாது, பாக்ஸ் மதில் பக்கமே இருக்கக் கூடாது. சரின்னு லிச்கேட்னு சொல்ற கூரை வேஞ்ச வாசல்லயே எல்லா நம்பரையும் எடுத்துக்கிட்டேன், அங்க போர்ல இறந்தவங்க பேர் பலகை இருக்கு. பாக்ஸ் வயலத் தாண்டி நடைபாதை கைகாட்டி மரத்துகிட்ட, நெலத்துக்காரர நேர்ல பாத்து கேட்டு. கூட்டுத்தொகை, செக்கர் ரெண்டும் உண்டு. குறிப்புல கல்லுங்கற வார்த்தையே கெடையாது.

கேள்விய வீட்ல உக்காந்து எழுதிட்டு இருந்தேன், போர் முடிஞ்ச வருஷத்தோட கடைசி இலக்கம், 8ன்னு போட்டுட்டேன். என் பொண்ணு நான் எடுத்த போட்டோவ பாத்துட்டு 'அப்பா, இதுல 1914–1919ன்னு இருக்கு'ன்னா. ஆமா. சண்ட நின்னது 1918, வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919, இங்க நெறைய கிராமத்துல 1919ன்னு தான் செதுக்கியிருப்பாங்க. மறுபடியும் எட்டும் ஒம்பதும். அந்த கேள்விய அப்படியே அழிச்சுட்டு, பலகைல மொத்தம் எத்தன பேர்னு எண்ணச் சொல்லிட்டேன், அதையும் பொண்ண தனியா அனுப்பி எண்ண வச்சு, நான் கார்லயே உக்காந்திருந்தேன்.

வெளியிடுறதுக்கு முன்னாடி டெஸ்ட்டுக்கு சர்ச்வார்டனயே கூப்பிட்டேன், பதில சொல்லல, வாயத் தொறக்கல, பத்தடி பின்னாடியே நடந்தேன். எண்ணினாங்க, கண்ணாடிய தூக்கி விட்டுக்கிட்டு பேப்பர்ல கூட்டினாங்க, வயல்ல சேறு, மெதுவா நடந்து போய் கைகாட்டிக்குப் பின்னாடி கைய விட்டு ஒரே தடவைல எடுத்துட்டாங்க. லாக்புக்ல மொதல் பக்கத்துல பேர் எழுதி, பக்கத்துல தேதி போட்டு, சிரிக்காம என்கிட்ட நீட்டினாங்க.

14 மார்ச் 2022/3.